அளக்கும் கருவியை அளந்து பார்ப்போம்



'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்பது நம் பழமொழி. குழம்பில் உப்புக் கூடிவிட்டாலும் அதே கதிதான். ஆனால் குழம்பின் உப்பை அறிய நமக்குக் கருவி எதுவும் தேவையில்லை. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தால் போதும். நாக்கால் அறிய முடியாத உப்பு ஒன்று உண்டு. அது கடல் மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டியின் உப்பு. அதற்குக் கருவி வேண்டும். அந்தக் கருவியே தவறாகச் சொன்னால் என்ன செய்வது? இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதாக இராது. 1896ஆம் ஆண்டில் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட மாநிலம் அல்லவா நம் மலாக்கா! மரம் வெட்டி, மங்குப் பாலை வாளியில் சேர்த்து, ஸ்டோருக்குக் கொண்டுபோய் நின்றவர்கள் மெட்ரோலாக் என்ற மிதவையைப் பார்த்திருப்பார்கள். பாலில் தண்ணீர் கலந்து, அதில் இந்த மிதவையை விடுவார்கள். ரப்பர் தண்ணீரை விட இலேசானது. ஆகவே பாலில் ரப்பர் மிகுந்திருந்தால் மிதவை ஆழ இறங்கும். குறைந்திருந்தால் மேலே நிற்கும். அது காட்டும் எண்ணைக் கிராணி எழுதிக்கொள்வார். வாளியில் எவ்வளவு பால் இருந்தது என்பதோடு, அந்தப் பாலில் எவ்வளவு உலர்ந்த ரப்பர் இருந்தது என்பதும் கணக்கில் சேர்ந்தது. மிதவை ஒரு கோடு பிசகினால் அன்றைய உழைப்பின் கணக்கும் பிசகும்.

கடல் மீன் தொட்டிக்கு வாங்கும் ஹைட்ரோமீட்டர் இந்த மெட்ரோலாக்கின் உடன்பிறப்பு. உப்பு நீர் நல்ல நீரை விடக் கனமானது. உப்பு மிகுந்தால் மிதவை மேலே எழும்பும். குறைந்தால் கீழே இறங்கும். நடுக்கடல் நீர் 1,000 கிராமில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. ஹைட்ரோமீட்டரின் எண்ணில் சொன்னால் அது சுமார் 1.026. நம் மலாக்கா நீரிணையில் ஆறுகள் பல வந்து கலப்பதால் உப்பு அதைவிடக் குறைவு. ஆற்று முகத்துவாரத்தில், மழைக்குப் பிறகு, இன்னும் குறைவு. கடலிலிருந்து அள்ளி வந்த நீர்தானே என்று அளக்காமல் ஊற்றிவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகளின் ஆசைக்காகச் சிறிய கடல் தொட்டி ஒன்று வைத்தோம். இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கடற்சாமந்தி, இரண்டு இறால்கள். கண்ணாடி ஹைட்ரோமீட்டரை விட்டுப் பார்த்தால் 1.023 என்று காட்டியது. உப்புக் குறைவு என்று எண்ணி நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக உப்புச் சேர்த்தோம். எண் 1.026க்கு வந்தது; எங்களுக்கும் மகிழ்ச்சி வந்தது. ஆனால் ஒரு வாரத்துக்குள் இறால்கள் இரண்டும் மாண்டன. கடற்சாமந்தி சுருங்கிப் போயிற்று.

வீட்டில் ஒரு பெரியவர் இருந்தார். தோட்டத்துப் பால் ஸ்டோரில் பல ஆண்டு வேலை பார்த்தவர். அவர் மிதவையைக் கையில் எடுத்து, உள்ளே சுருட்டி வைத்திருந்த காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "தம்பி, எந்தச் சூட்டுக்குச் செய்த மிதவை என்று இதில் எழுதியிருக்கிறதே, படித்தாயா? நாங்கள் பாலை அளக்கும்போது நுரையை வழித்துவிட்டு, சூட்டையும் கவனித்துத்தான் எண்ணை எழுதுவோம்" என்றார். காகிதத்தில் 60 டிகிரி ஃபாரன்ஹீட் என்று பொடி எழுத்தில் இருந்தது. அதாவது 15.5 டிகிரி செல்சியஸ். எங்கள் தொட்டி நீரோ 30 டிகிரி!

நீர் சூடேறினால் விரியும், விரிந்தால் இலேசாகும். குளிர்நாட்டுச் சூட்டுக்குச் செய்த மிதவையை நம் ஊர்த் தொட்டியில் விட்டால், உப்பு சரியாக இருக்கும்போதே குறைவு என்று காட்டும். முதல் நாள் கண்ட 1.023தான் எங்கள் தொட்டிக்குச் சரியான அளவாக இருந்தது. நாங்கள் மேலும் மேலும் உப்பிட்டு, 35 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 40 கிராமை நெருங்கச் செய்துவிட்டோம். ஸ்டோரில் கணக்குப் பிசகினால் வெட்டுக்காரர் கிராணியிடம் வாய்திறந்து கேட்கலாம். இறால் யாரிடம் போய்க் கேட்கும்?

பெரிய ஆராய்ச்சியாளர்களும் தங்கள் கருவியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டென்மார்க்கைச் சேர்ந்த மார்ட்டின் நூட்சன் என்பவர், உப்பளவு துல்லியமாகத் தெரிந்த கடல் நீரைக் கண்ணாடிக் குழாய்களில் அடைத்து உலகெங்கும் கிடைக்கச் செய்தார். அதைக் கோபன்ஹேகன் நீர் என்றே அழைத்தார்கள். அந்த நீரை முதலில் அளந்து, கருவி சரியான எண்ணைச் சொல்கிறதா என்று பார்த்த பிறகே மற்ற நீரை அளந்தார்கள். இன்று அத்தகைய நீர் இங்கிலாந்தில் தயாராகிறது. மெட்ரோலாக்குக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. கொஞ்சம் பாலை நிறுத்து, அமிலம் விட்டு உறைய வைத்து, தகடாக்கி, உலர்த்தி மறுபடியும் நிறுத்தால் உண்மை தெரிந்துவிடும்.

நமக்குக் கோபன்ஹேகன் நீர் வேண்டாம். அடுப்படியிலேயே ஒரு சோதனை நீர் செய்துகொள்ளலாம். சமையல் தூளுப்பை வெறும் வாணலியில் இட்டு, ஈரம் போக வறுத்து, ஆறவிடுங்கள். நம் ஊர்க் காற்றில் உப்பு ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரத்தோடு நிறுத்தால் உப்பின் எடை குறைந்துபோகும். வறுத்த உப்பில் 37 கிராம் நிறுத்து, 963 கிராம் காய்ச்சி வடித்த நீரில் கரையுங்கள். நீரையும் நிறுத்தே எடுக்க வேண்டும். இந்த நீர், ஹைட்ரோமீட்டரைப் பொறுத்தவரை, 35 கிராம் உப்புள்ள கடல் நீருக்கு ஒப்பானது. சுத்தமான பாட்டிலில் ஊற்றி, ஆவியாகாதபடி இறுக மூடி, பெயர் எழுதித் தொட்டியின் அருகிலேயே வையுங்கள். இதைத் தொட்டியில் மட்டும் ஊற்றாதீர்கள்.

மறுநாள் பாட்டில் நீரின் சூடும் தொட்டி நீரின் சூடும் ஒன்றுதானா என்று வெப்பமானியால் பாருங்கள். வேறுபட்டால், மூடிய பாட்டிலைத் தொட்டி நீரில் சிறிது நேரம் மிதக்கவிடுங்கள். பிறகு ஹைட்ரோமீட்டரைச் சோதனை நீரில் விடுங்கள். அது காட்டும் எண் 1.023 ஆனாலும் சரி, 1.027 ஆனாலும் சரி, உங்கள் கருவிக்கு, உங்கள் வீட்டுச் சூட்டில், அதுவே சரியான கோடு. அதை ஒரு தாளில் எழுதித் தொட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். சூட்டின் பிழையும் கருவியின் பிழையும் இந்த ஒரே சோதனையில் அடங்கிவிடும்.

ஒளி வளைவதைக் கொண்டு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு உப்பு 36.5 கிராம், நீர் 963.5 கிராம். கண்ணாடியின் மேல் இரண்டு சொட்டு விட்டு, கருவி 35 காட்டும்படி திருகைத் திருப்பிக்கொள்ள வேண்டும். வெறும் நல்ல நீரில் பூஜ்யம் காட்டுவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. பூஜ்யத்தில் சரியாக இருக்கும் கருவி 35இல் தவறலாம்.

மூன்று பழக்கங்களை மறவாதீர்கள். ஒன்று, அளந்தவுடன் கருவியை நல்ல நீரில் கழுவித் துடைப்பது. காய்ந்த உப்பு ஒட்டினால் மிதவை கனத்துத் தாழும். உப்புக் குறைவு என்று பொய் சொல்லும். இரண்டு, காற்றுக் குமிழிகளைத் தட்டி விடுவது. குமிழி ஒட்டினால் மிதவை உயர்ந்து, உப்பு மிகுதி என்று காட்டும். மூன்று, குனிந்து, கண்ணை நீர்மட்டத்துக்கு நேராக வைத்து எண்ணைப் படிப்பது. மாதம் ஒரு முறை சோதனை நீரில் மறுபடியும் பாருங்கள்.

தொட்டி நீர் குறைந்தால் உப்பு நீர் ஊற்றாதீர்கள். நீர்தான் ஆவியாகிறது, உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. குளோரின் நீக்கிய நல்ல நீரை ஊற்றினால் போதும். உப்பளவு பிசகியிருப்பது தெரிந்தாலும் ஒரே நாளில் திருத்த வேண்டாம். பல நாட்களில் சிறுகச் சிறுகத் திருத்துங்கள்.

நேயர்களே, எங்கள் இறால்கள் மாண்டது கடலின் குற்றமும் அன்று, உப்பின் குற்றமும் அன்று. எண்ணைப் பார்த்தோம், எண்ணைச் சொன்ன கருவியைப் பார்க்கவில்லை. தராசானாலும், மெட்ரோலாக்கானாலும், ஹைட்ரோமீட்டரானாலும், உண்மை தெரிந்த ஒன்றை முதலில் அதில் அளந்து பார்ப்போம். பிறகு மற்றதை அளப்போம். பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுப்போம்.