எந்த வேலைக்கு எந்தச் சான்றிதழ்?

(கரமனையில் நடந்த உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



வெளிநாட்டில் இங்கிலீஷ் கற்றுக்கொடுக்க எந்தச் சான்றிதழ் படிக்கலாம் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் இங்கிலீஷ் வாத்தியார் அல்ல. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்து, 33 வருஷம் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆனவன். இந்த விஷயத்தில் நான் பட்ட அடி நமது காரியதரிசிக்குத் தெரியும். அதனால்தான் கூப்பிட்டிருக்கிறார்.

என் பேத்தி எம்.ஏ. இங்கிலீஷ். மாப்பிள்ளைக்கு மஸ்கட்டில் வேலை. அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருக்க அவளுக்கு மனசில்லை. இன்டர்நெட்டில் '120 மணி நேர டெஃபல்' என்று ஒரு கோர்ஸைப் பார்த்துவிட்டு, "தாத்தா, இது போறுமா?" என்று என்னைத்தான் கேட்டாள். ஆயுசு முழுக்க மற்றவர்கள் சர்டிபிகேட்டைச் சரிபார்த்தவன் அல்லவா! மாதிரிச் சான்றிதழைப் பார்த்தேன். தங்க நிற முத்திரை, இரண்டு கையெழுத்து, 'சர்வதேச அங்கீகாரம் பெற்றது' என்று ஒரு வரி. அங்கீகாரம் கொடுத்தது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. ஆபீஸில் ஒரு குமாஸ்தா அப்படி ஃபைல் வைத்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பேன். "தாராளமாப் போறும்" என்று சொல்லி 18,000 ரூபாயும் கொடுத்தேன்.

சில மாதம் கழித்து, மஸ்கட்டில் ஒரு மொழிப் பயிற்சி நிலையத்திலிருந்து போனில் இன்டர்வியூ. "நிஜ மாணவர்களுக்கு எத்தனை மணி நேரம் பாடம் எடுத்தீர்கள்? யார் உட்கார்ந்து கவனித்தார்கள்?" என்று கேட்டார்கள். ஒரு நிமிஷம்கூட எடுத்ததில்லை. எல்லாம் திரையில் படித்து டிக் போட்டதுதான். போனை வைத்தவள் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அப்புறம்தான் விசாரிக்க ஆரம்பித்தேன். டெஃபல், டெசால் என்பவை ஒரு பரீட்சையின் பெயர் அல்ல. பிற மொழிக்காரர்களுக்கு இங்கிலீஷ் கற்பிக்கும் தொழிலுக்கே அது பெயர். அந்தப் பெயரில் யார் வேண்டுமானாலும் கோர்ஸ் நடத்தலாம், சான்றிதழ் அச்சடிக்கலாம். '120 மணி' என்ற கணக்கும் எங்கிருந்தோ வந்ததல்ல. கேம்பிரிட்ஜ் தரும் செல்டா சான்றிதழுக்குக் குறைந்தது 120 மணி நேர வகுப்பு உண்டு. எண் மட்டும் ஒன்றாக இருந்தால் சரக்கும் ஒன்றாகிவிடுமா?

செல்டாவின் மூலம் 1962-ல் லண்டனில் ஜான் ஹேக்ராஃப்ட், பிரீட்டா ஹேக்ராஃப்ட் தம்பதி நடத்திய இரண்டு வாரப் பயிற்சி. 1988-ல் அது கேம்பிரிட்ஜ் வசம் வந்தது. இதில் முக்கியம் என்னவென்றால், நிஜ மாணவர்களுக்கு ஆறு மணி நேரம் பாடம் எடுக்க வேண்டும். பயிற்சியாளர் உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்லுவார். நான்கு கட்டுரைகள் எழுத வேண்டும். கேம்பிரிட்ஜ் நியமிக்கும் வெளி மதிப்பீட்டாளரும் வருவார். லண்டன் டிரினிடி காலேஜ் தரும் செர்ட்-டெசாலிலும் இதே ஆறு மணி நேரம் உண்டு. வகுப்பு 130 மணிக்குக் குறையாது. நாங்கள் கெமிஸ்ட்ரி படித்தபோது சால்ட் அனாலிஸிஸ் செய்யாமல் டிகிரி கிடையாது. புஸ்தகத்தில் எவ்வளவு படித்தாலும், டெஸ்ட் ட்யூபை வெளி எக்ஸாமினர் முன்னால்தான் சுட வைக்க வேண்டும். இந்த இரண்டு சான்றிதழும் அந்த ஜாதி. செலவு அதிகம்தான், லட்ச ரூபாய்க்குக் குறையாது.

ஆனால் அதைக் கட்டுவதற்கு முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது. எனக்கு அது கடைசியில்தான் புரிந்தது. வேலை எங்கே, பள்ளிக்கூடத்திலா, பயிற்சி நிலையத்திலா? வளைகுடாவில் நம் குழந்தைகள் படிக்கும் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் கேட்பது டிகிரியும் பி.எட்.டும். அங்கே செல்டா இருந்தால் நல்லது, ஆனால் பி.எட்.டுக்குப் பதில் ஆகாது. பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் மொழி நிலையங்கள், பல்கலைக்கழக ஆயத்த வகுப்புகள் என்றால் செல்டா பேசும். கூடவே அனுபவமும் கேட்பார்கள். ஐம்பது, அறுபது வருஷத்துக்கு முன்பு கேரளத்திலிருந்து எத்தனையோ வாத்தியார்கள் எத்தியோப்பியா போனார்கள். அவர்கள் கையில் இருந்தது டிகிரியும், பள்ளியில் பாடம் எடுத்த அனுபவமும். போன வேலையும் பள்ளிக்கூட வேலை. பொருந்தியது.

நாட்டைப் பார்ப்பதும் அவசியம். தென்கொரியாவில் மொழி ஆசிரியருக்கான இ-2 விசா, இங்கிலீஷைப் பொறுத்தவரை பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன் முதலிய ஏழு நாட்டுப் பிரஜைகளுக்குத்தான். 2010 ஜனவரியில் நடப்புக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தத்தால் ஆசிரியர் தகுதி உள்ள நம்மவர்களுக்கு ஒரு சின்னக் கதவு திறந்தது. எந்தச் சான்றிதழும் பாஸ்போர்ட்டை மாற்றாது. நமக்குக் கற்பிக்கத் தெரியாது என்று இதற்கு அர்த்தமில்லை. 1979 முதல் 1984 வரை பெங்களூர், சென்னைப் பக்கத்துப் பள்ளிகளில் என்.எஸ். பிரபு நடத்திய பரிசோதனையை இன்றும் உலகெங்கும் இங்கிலீஷ் ஆசிரியர்களுக்குப் பாடமாகச் சொல்கிறார்கள்.

கடைசியாக, முத்திரை விஷயம். இது என் சொந்த சப்ஜெக்ட்! நம் ஊர் டிகிரியைத் தைக்காட்டில் உள்ள நார்க்கா ரூட்ஸ் மூலம் அட்டெஸ்ட் செய்யலாம். 2005-லிருந்து இந்தியா அப்போஸ்டில் உடன்படிக்கையில் இருக்கிறது. ஓமானும் இருப்பதால் அந்த முத்திரை அங்கே செல்லும். ஐக்கிய அரபு எமிரேட்ஸுக்கு என்றால் தூதரக அட்டெஸ்டேஷன் என்று தனி வழி. செல்டா இந்தியாவில் படித்தாலும் சான்றிதழ் வருவது பிரிட்டனிலிருந்து. ஆகவே அதற்குச் சட்டப்படி முத்திரை குத்த வேண்டியதும் பிரிட்டனில்தான். அந்தச் செலவையும் நாளையும் முன்கூட்டியே கணக்கில் வையுங்கள்.

பேத்தி மஸ்கட் பள்ளிக்கூடம்தான் வேண்டும் என்று தீர்மானித்துவிட்டாள். இங்கேயே பி.எட். சேர்ந்திருக்கிறாள். 2015-லிருந்து அது இரண்டு வருஷப் படிப்பு, மாப்பிள்ளையும் சரி என்றார். போன வாரம் பயிற்சிக்காக முதல் தடவை ஏழாம் வகுப்புக்குப் போனாள். பின் பெஞ்சில் டீச்சர் உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டே இருந்தாராம். "கை நடுங்கித்து தாத்தா" என்றாள்.