கேட்காமலே பதியும் பதில்

(வடலூரில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



எமிஸ் பதிவு நமக்கு அன்றாட வேலை. அத்தகைய தரவுத்தளங்களில் முன்னிருப்பு மதிப்பு, அதாவது ‘டிஃபால்ட்’, என்றொரு வசதி உண்டு. ‘மாநிலம்’ நெடுவரிசைக்குத் ‘தமிழ்நாடு’ என அமைத்துவிட்டால், ‘இன்செர்ட்’ கட்டளையில் அதைக் குறிப்பிடாமல் விட்டாலும் ‘தமிழ்நாடு’ பதியும். ‘நல்’ எனக் கொடுத்தால் மட்டும் வெறுமையே பதியும்.

‘தாய்மொழி’க்கும் ‘தமிழ்’ என அமைக்கலாமா? பழுப்பு நிலக்கரிச் சுரங்கப் பணிக்காகப் பல மாநிலத்தார் வாழும் வட்டாரம் இது. தெலுங்கு பேசும் குழந்தையும் தமிழ் என்றே பதிவாகும், பிழைச்செய்தி வராது. வெற்றிடம் நம்மைக் கேட்க வைக்கும். நிரம்பிய இடம் கேட்க விடாது.

பதிவுத் தேதிக்கு முன்னிருப்பு பொருந்தும். தாய்மொழியைப் பெற்றோரிடம் கேட்டே எழுதுவோம்.