22/7 எனக் கொள்க

(குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



மார்ச் 14 சர்வதேசக் கணித நாள் என 2019இல் யுனெஸ்கோ அறிவித்தது. அமெரிக்க முறைப்படி மாதத்தை முதலில் எழுதினால் 3, 14 என்று வரும். அது பையின் தொடக்க இலக்கங்கள். அதையொட்டிப் பை பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் மெய்யெண்கள் பாடம். பை ஒரு விகிதமுறா எண் என்று கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவி எழுந்தாள். “டீச்சர், போன வருஷம் பை சமம் 22/7னு நீங்கதானே எழுதிப் போட்டீங்க? அது பின்னம்தானே? அப்ப விகிதமுறு எண்தானே?” எனக்குப் பாடத்தை முடிக்கும் அவசரம். “புத்தகத்துல இருக்கறதப் படிம்மா” என்று உட்கார வைத்தேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் வேறு கேள்வி கேட்கவில்லை. நல்ல கேள்வி கேட்ட பிள்ளையின் வாயை நானே அடைத்துவிட்டேன்.

அவள் கேட்டது சரி. 22/7 என்பது 3.142857… பை என்பது 3.141592… மூன்றாம் தசம இடத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. ஒரு கிலோமீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்கு 22/7ஐக் கொண்டு சுற்றளவு கண்டால், சுமார் 1.26 மீட்டர் கூடுதலாக வரும்.

இந்த உண்மை பழையவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிமிடீஸ் வட்டத்துக்கு உள்ளும் புறமும் 96 பக்கப் பலகோணங்களைப் பொருத்தினார். பை 223/71ஐ விடப் பெரியது, 22/7ஐ விடச் சிறியது என்று நிறுவினார். ஆக, அவருக்கு 22/7 ஓர் எல்லைதான், விடை அன்று. கி.பி. 499இல் ஆரியபட்டர் 20,000 விட்டத்துக்குச் சுற்றளவு 62,832 என்றார். அது 3.1416. அதோடு நிற்காமல் ‘ஆசன்ன’, அதாவது நெருங்கிய மதிப்பு, என்றும் சொல்லி வைத்தார். அதே நூற்றாண்டில் சீனாவின் சூ சோங்ஷி கண்ட 355/113 ஆறு தசம இடங்கள் வரை சரியாக வருகிறது.

14ஆம் நூற்றாண்டில் கேரளத்தின் மாதவர் வேறு வழி கண்டார். 1 − 1/3 + 1/5 − 1/7 என முடிவின்றிப் போகும் தொடர், பையின் நான்கில் ஒரு பங்கை நெருங்குகிறது. பை விகிதமுறா எண் என்று 1760களில் லாம்பர்ட் நிறுவினார். நம் ஈரோட்டில் பிறந்த இராமானுஜன் 1914இல் வெளியிட்ட சூத்திரங்களுள் ஒன்றைக் கொண்டு, 1985இல் கணினி வழியே ஒரு கோடியே எழுபது லட்சம் இலக்கங்களைக் கண்டார்கள்.

பிள்ளைகள் ரசிக்கும் கதை ஒன்றும் உண்டு. வில்லியம் ஷாங்க்ஸ் என்ற ஆங்கிலேயர் பல ஆண்டுகள் கையாலேயே கணக்கிட்டு, 1873இல் 707 தசம இடங்களை வெளியிட்டார். 528ஆம் இடத்தில் தவறு! அதைக் கண்டுபிடிக்க சுமார் 70 ஆண்டுகள் ஆயின. கணக்கில் தவறிய பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

வகுப்பில் என்ன செய்யலாம்? வளையல், டம்ளர் மூடி, சைக்கிள் டயர் கொண்டுவரச் சொல்லுங்கள். நூலால் சுற்றளவை அளந்து விட்டத்தால் வகுக்கட்டும். 3.1 வரும், 3.2 வரும். “3.14னு மாத்தி எழுது” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அளவீட்டில் பிழை எங்கே வருகிறது என்று பேச அதுவே நல்ல நேரம்.

“சுற்றளவு வகுத்தல் விட்டம் என்பதே விகிதம்தானே, பிறகு எப்படி விகிதமுறா எண்?” என்றும் ஒரு பிள்ளை கேட்கும். விகிதமுறு எண்ணுக்குத் தொகுதியும் பகுதியும் முழுக்களாக இருக்க வேண்டும். எந்த வட்டத்திலும் சுற்றளவு, விட்டம் இரண்டும் ஒருசேர முழுக்களாக அமையா. இதைச் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

வினாத்தாளில் ‘பை = 22/7 எனக் கொள்க’ என்று அச்சிடுகிறோம். ‘எனக் கொள்க’ என்பதில்தான் உண்மை இருக்கிறது. நாம் அதை விட்டுவிட்டுச் சமக்குறியை மட்டும் கற்பிக்கிறோம். ஏழாம், எட்டாம் வகுப்பிலேயே தோராயக் குறியைப் போட்டுக் காட்டினால், ஒன்பதாம் வகுப்பில் குழப்பம் இராது.

அந்த மாணவி பள்ளியை முடித்துச் சென்றுவிட்டாள். அன்று அவளுக்குச் சொல்லாத விடையை ஒவ்வோர் ஆண்டும் ஒன்பதாம் வகுப்பில், யாரும் கேட்பதற்கு முன்பே, சொல்லி வருகிறேன்.