நெற்றிச் சுவரின் பின்னால்



பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருவீதியில் உள்ளது எங்கள் விசுவமடு. இராக்காலங்களில் மாடுகள் அவ்வீதியிலேயே படுத்துறங்கும். சில ஆண்டுகளுக்கு முன்னர், எங்கள் பழைய மாணவன் ஒருவன் தலைக்கவசத்தை மோட்டார்ச் சைக்கிளின் கைபிடியில் மாட்டிக்கொண்டு வந்து, அவ்வாறு படுத்திருந்த மாடொன்றில் மோதி விழுந்தான். நெற்றியில் சிறியதொரு பள்ளம்; அவ்வளவே. எழுந்து நடந்தான், தேநீரும் அருந்தினான். மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டியதை எல்லோரும் தடிமன் என்றே கொண்டனர். மறுநாள் தாயார் வற்புறுத்தி வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்ற பின்னரே, அது மூளையைச் சூழ்ந்திருக்கும் திரவம் என்பது தெரியவந்தது.

நெற்றி எலும்பு ஒரே திண்மமானது என்று நம்மிற் பலர் எண்ணுகிறோம். புருவங்களுக்கு மேலே அது இரு சுவர்களாகப் பிரிந்து, நடுவே காற்றறையொன்றைக் கொண்டிருக்கிறது. பிறக்கும்போது இவ்வறை இல்லை. வளரும் பருவத்திலே மெல்ல விரிகின்றது. முன்சுவர் தடித்தது, பின்சுவரோ மெல்லியது. அதற்கப்பால் மூளையுறையும் மூளையுமே உள்ளன. அறையின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் சீதமென்சவ்வில் ஊறும் சளி, ஒடுங்கிய வழியொன்றினால் மூக்கினுள் வடிகின்றது.

வடிகால் அடைபட்டால் என்ன நேரும் என்பதை வன்னி விவசாயிக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அறையினுள் தேங்கும் சளி, பல ஆண்டுகள் கழித்தும் கட்டியாகப் பெருத்து, எலும்பை அரித்து, கண்ணைக்கூட இடம்பெயரச் செய்யலாம். கிருமி புகுந்தால் மூளையுறை அழற்சியும் உண்டாகலாம். ஆதலால் வைத்தியர் வெளியே தெரியும் பள்ளத்தை மட்டும் பார்ப்பதில்லை. பின்சுவர் உடைந்ததா, வடிகால் சிதைந்ததா என்பனவே அவருடைய பெருங்கவலைகள்.

மானிப்பாயிலே தமிழில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1867இல் 'இரணவைத்தியம்' என்னும் நூலைத் தமிழிற் கொணர்ந்தார். எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டதோ 1895இல். அதுவரை உட்சுவரின் நிலையை வெளியிலிருந்து எவராலும் காணமுடிந்ததில்லை. 1898இல் ரீடல் என்னும் ஜெர்மானியர் முன்சுவரையே அகற்றும் முறையை விவரித்தார். நோய் தீர்ந்தது, நெற்றியோ குழிந்து முகம் விகாரமானது. 1958இல் குட்டேல், மொன்கொமரி ஆகிய அமெரிக்கர், முன்சுவரை மூடிபோலத் திறந்து, சவ்வை நீக்கி, வயிற்றுக் கொழுப்பினால் அறையை நிரப்பி மூடும் முறையை எழுதினர். பின்சுவர் நொறுங்கியோருக்கு 1978இல் டொனால்ட், பேர்ன்ஸ்டைன் காட்டிய வழியே எனக்கு வியப்பளிப்பது. பின்சுவரை நீக்கி, சவ்வைத் துளியும் விடாது சுரண்டி, மூக்குக்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டால், மூளை சிறிது சிறிதாக முன்வந்து அவ்விடத்தை நிரப்பிக்கொள்கின்றது! இன்று சி.டி. ஸ்கான் உதவியால், எலும்பு விலகாத முறிவுகளைக் கத்தி வைக்காமலே கண்காணிக்கின்றனர். சிலருக்கு மூக்கின் வழியே உள்நோக்குக் கருவி செலுத்திச் சிகிச்சை செய்கின்றனர்.

நெற்றியில் அடிபட்டவர் மூக்கைச் சிந்துதல் ஆகாது. காற்றும் கிருமியும் உள்ளே தள்ளப்படும். தெளிந்த நீர் வடிந்தால் விடியும்வரை காத்திராது, 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் பெறுங்கள், கட்டணமில்லை.

அம்மாணவனுக்குக் காதிலிருந்து காதுவரை, மயிருக்குள்ளே கீறிச் சத்திரசிகிச்சை செய்தார்கள். தழும்பு இன்று தெரிவதில்லை. ஆண்டுதோறும் கிளினிக்குக்குப் போகத்தான் முணுமுணுக்கிறான். “சுகமாத்தானே இருக்கிறன், சேர்” என்கிறான். சுகமாயிருக்கும்போதே சளிக்கட்டி சத்தமின்றி வளரக்கூடும் என்று மீண்டும் சொல்லி, சென்ற வாரமும் அவனைப் பேருந்தில் ஏற்றிவிட்டேன்.