'போர்டு போச்சு' என்கிற தீர்ப்பு

(மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய ஒரு பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



காலையிலிருந்து கட்டுடைப்பு பற்றி நிறையப் பேசினீர்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்த கட்டுடைப்பு ஒன்றுதான். ஸ்குரூடிரைவரை எடுத்து நாலு திருகாணியைக் கழற்றினால் பெட்டி திறந்துகொள்ளும். டி.வி., செட்டாப் பாக்ஸ், ஸ்பீக்கர் இதெல்லாம் மக்கர் பண்ணினால் கையில் காசில்லாதவர்கள் என்ன செய்யலாம்? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு வார்த்தையை விசாரிப்போம். 'போர்டு போச்சு.' ரிப்பேருக்குக் கொண்டுபோன நம்ம சனங்க அடிக்கடி கேட்கிற வார்த்தை இது. எதிர்த்துக் கேள்வி கேட்க முடியாது. சொல்கிறவருக்கு உள்ளே என்ன இருக்குன்னு தெரியும், கேட்கிறவருக்குத் தெரியாது. அறிவு ஒரு கையிலும் காசு இன்னொரு கையிலும் இருக்கிற இடத்தில் எல்லாம் நடப்பதுதான் இங்கேயும் நடக்கிறது. நான் தொழில் பழகிய கடையில் மூணு வருஷம் செட்டைத் தூக்கவும் டீ வாங்கவும்தான் விட்டார்கள். மீட்டர் பக்கம் கை போனால், 'உனக்கெதுக்குடா அது'ன்னுவாங்க. அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, களையெடுக்கப் போகிறவர். 2006இல் தொடங்கிய இலவசத் திட்டத்தில் அரசாங்கம் கொடுத்த 14 இஞ்ச் கலர் டி.வி. அவர் வீட்டில் இன்னும் ஓடுகிறது. ஒருநாள் படம் நின்றுவிட்டது. செட்டாப் பாக்ஸைப் பார்த்துவிட்டு கடையில், 'போர்டு போச்சு, புது பாக்ஸ் வாங்கு' என்றார்கள். நான் பக்கத்து வீட்டு அடாப்டரை வாங்கி அதில் செருகினேன். படம் வந்துவிட்டது. போனது அடாப்டர்தான். பெரியம்மா என்ன கேட்டார் தெரியுமா? 'இத எனக்கு யாரும் சொல்லலியேப்பா.' இந்தப் பேச்சு முழுக்க அவருக்குச் சொல்கிற பதில்தான்.

பழுது பார்ப்பதற்கு ஒரு வரிசை உண்டு. வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். காசு செலவில்லாததை முதலில் பார்க்க வேண்டும். சுவிட்ச் போர்டில் கரண்ட் வருதா? அதே ஓட்டையில் செல்போன் சார்ஜரைப் போட்டுப் பாருங்கள். வருதுன்னா அடுத்து அடாப்டர். அதுக்கடுத்து ஒயர். அதுக்கடுத்து ரிமோட். இதெல்லாம் சரியாக இருந்தால்தான் போர்டு.

அடாப்டர் மாற்றும்போது லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருந்தால் வோல்ட் அதேதான் வேணும். ஆம்பியர் அதே அளவு இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம், குறையக் கூடாது. நடுமுனை பிளஸ்ஸா மைனஸா என்று ஒரு படம் போட்டிருப்பான், அதுவும் ஒத்துப்போக வேண்டும். 200 ரூபாய் அளவில் கிடைக்கிற மஞ்சள் மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட்டில் வைத்து அளக்கலாம். ஒன்று கவனிக்கணும். சும்மா அளந்தால் 12 காட்டும், பாக்ஸை மாட்டினதும் சரிந்துவிடும். உள்ளே கெப்பாசிட்டர் கிழண்டு போன அடாப்டரின் குணம் அது. அதனால்தான் சொல்றேன், நல்ல அடாப்டர் ஒன்றை மாற்றிப் பார்ப்பது மீட்டரைவிட நம்பகமான சோதனை.

ரிமோட் வேலை செய்யுதா என்று கண்ணால் தெரியாது. அதன் முனையைச் செல்போன் கேமரா முன் நீட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். ஒளி மினுக்கினால் ரிமோட் நல்லாயிருக்கு. பின்பக்கக் கேமராவில் தெரியாவிட்டால் முன்பக்கக் கேமராவில் பாருங்கள்.

இனி இணைப்பு. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூணு ஒயர். மஞ்சள் படத்துக்கு, சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. மஞ்சள் ஒயர் அறுந்துபோனால் புதுசு வாங்க ஓட வேண்டாம். வெள்ளை ஒயரை இரண்டு பக்கமும் மஞ்சள் ஓட்டையில் போடுங்கள். படம் வரும். சத்தம் ஒரு பக்கம் குறையும், அவ்வளவுதான். நிறம் பிளாஸ்டிக்கில்தான் இருக்கிறது தோழர்களே, உள்ளே இருக்கிற செம்புக்கு நிறபேதம் கிடையாது.

புது எல்.இ.டி. டி.வி. சிலதில் இந்த மூணு ஓட்டையும் இருக்காது. ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்றே ஒன்று, ஏ.வி. என்று எழுதியிருக்கும். அதற்கென்று ஒரு சின்ன ஒயர் உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி உள் வரிசை மாறும். மஞ்சளில் படம் வரவில்லையென்றால் சிவப்பில் மாற்றிப் பாருங்கள், ஒன்றும் கெடாது. எச்.டி.எம்.ஐ. மட்டும் உள்ள பாக்ஸைப் பழைய டி.வி.யில் மாட்டக் கன்வெர்ட்டர் வேணும். திசை முக்கியம். எச்.டி.எம்.ஐ.யிலிருந்து ஏ.வி.க்குப் போவது ஒரு பெட்டி, ஏ.வி.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு வருவது வேறு பெட்டி. பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். கேட்டு வாங்குங்கள்.

மாதக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது. 2004இலிருந்து நடக்கிறது, சந்தா கிடையாது. குடையில் இருக்கிற எல்.என்.பி.க்கு 13 அல்லது 18 வோல்ட் அதே கேபிள் வழியாகத்தான் போகிறது. கேபிள் முனையைச் சீவும்போது வலைக்கம்பியில் ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். ஆகவே பாக்ஸை அணைத்துவிட்டுத்தான் கேபிளை மாட்டணும்.

மாலை வகுப்பில் படம் போடுகிறவர்களுக்கு ஒன்று. டி.வி. சத்தம் போதாவிட்டால் அதன் ஹெட்போன் ஓட்டையிலிருந்து பழைய ஆம்பிளிஃபையருக்கு ஒயர் இழுக்கலாம். முதலில் வால்யூமைக் குறைத்துவிட்டு மாட்டுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் இரண்டைப் பக்கஇணைப்பில் போட்டால் 4 ஓம் ஆகும். ஆம்பிளிஃபையர் அதைத் தாங்குமா என்று பின்பக்கம் எழுதியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். 'ஊம்' என்று இரைந்தால் டி.வி.யையும் ஆம்பிளிஃபையரையும் ஒரே சுவிட்ச் போர்டில் மாட்டிப் பாருங்கள். இரைச்சலை நிறுத்த எர்த் பின்னை வெட்டுகிற வேலை மட்டும் வேண்டாம். அந்தப் பின் உயிரைக் காப்பாற்ற வைத்தது.

இப்போது தைரியத்தின் எல்லையைச் சொல்லணும். பழைய குழாய் டி.வி.யின் பின்மூடியை யாரும் திறக்காதீர்கள். படக்குழாயில் 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கியிருக்கும். நம்ம வீட்டு 230 வோல்ட்டை அடாப்டருக்குள்ளே நேர்மின்சாரமாக்கினால் 325 வோல்ட் வரை வரும். அதன் பெரிய கெப்பாசிட்டரும் பிளக்கைப் பிடுங்கியும் கடிக்கும். பழகியவர் பக்கத்தில் இருந்து கற்றுக்கொள்கிற வரைக்கும் இந்த இரண்டையும் தொடாதீர்கள். தெரியாமல் தொடுவதும் வீரமில்லை, தெரிந்துகொள்ளாமலே ஒதுங்கி நிற்பதும் விடுதலை இல்லை.

ரிப்பேர் செய்துகொள்வது நுகர்வோரின் உரிமை என்று சொல்லி 2022 டிசம்பரில் ஒன்றிய அரசு ஒரு இணையதளம் திறந்தது. சரி. ஆனால் உரிமை இணையதளத்தில் இருந்து என்ன புண்ணியம், திருகாணி கழற்றத் தெரிந்த கை தெருவில் இல்லையென்றால்?

ஆகவே ஒரு யோசனை. ஒவ்வொரு படிப்பு வட்டத்திலும் ஒரு பொதுப்பெட்டி வையுங்கள். அதில் ஒரு மல்டிமீட்டர், ஒரு டெஸ்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், நல்ல அடாப்டர் ஒன்று, மூணு நிற ஒயர் ஒரு செட். கூடவே ஒரு நோட்டு. யார் வீட்டில் என்ன பழுது, எப்படிச் சரியாச்சு என்று அதில் எழுதி வையுங்கள். பத்துப் பக்கம் நிறைந்தால் அது நம்ம பாடப்புத்தகம். பெண் பிள்ளைகள் கையில் மீட்டரை முதலில் கொடுங்கள். பகலெல்லாம் வீட்டில் இந்தப் பெட்டிகளோடு மல்லுக்கட்டுவது அவர்கள்தான்.

இனி யாராவது 'போர்டு போச்சு' என்று சொன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். 'அடாப்டர மாத்திப் பாத்தீங்களா?' அந்தக் கேள்வி கேட்கப்பட்ட கடையில் அடுத்து வருகிறவருக்குச் சொல்லப்படுகிற விலை கொஞ்சம் மாறும்.

 கெட்டுப்போன அடாப்டர் இரண்டு கொண்டுவந்திருக்கிறேன், எப்பவோ பிளக்கைப் பிடுங்கி கெப்பாசிட்டரை இறக்கி வைத்ததுதான். கிட்ட வாங்க, திறந்து பார்ப்போம்.