உப்புத் தண்ணியில ஒரு வெள்ளை வேட்டி

(இந்த எபிசோடின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம்)

போன வாரம் டேட்டாபேஸ் பத்திப் பேசினோம். இந்த வாரம் துணி துவைக்கிறது பத்தி. சிரிக்காதீங்க, டேட்டாபேஸை விட இதுலதான் நான் அதிகமா அடி வாங்கியிருக்கேன்.

எங்க வீடு திருவண்ணாமலையில, ரமணாசிரமத்துக்குப் பின்னாடி ஒரு சந்துல. ரமணர் 1896-ல இந்த ஊருக்கு வந்ததுல இருந்து கோவணத்தோடயே வாழ்ந்தவர். அவர் பேர்ல இருக்கிற ஏரியாவுல, எங்க வீட்டுல மட்டும் வாரத்துக்கு நாலு லோடு துணி! அதை இத்தனை வருஷமா அம்மாதான் பார்த்துக்கிட்டாங்க. போன வருஷம் துவைக்கிற கல் பக்கத்துல வழுக்கி விழுந்து, அம்மாவுக்கு மணிக்கட்டுல எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. நான் வொர்க் ஃப்ரம் ஹோம் கேட்டு ஊருக்கு வந்துட்டேன்.

மெஷின் இருக்கே, பட்டனை அழுத்தினா முடிஞ்சதுன்னு நினைச்சேன். ரெண்டாவது வாரமே வெள்ளைத் துணி எல்லாம் சாம்பல் நிறத்துல, அப்பளம் மாதிரி விறைப்பா வந்துச்சு. அழுக்கு போகலைன்னு நினைச்சு பவுடரை ரெண்டு மடங்காக்கினேன். அடுத்த வாரம் அப்பாவுக்கு இடுப்பைச் சுத்தி ஒரே அரிப்பு, தடிப்பு. வெயில்னு நினைச்சு ரெண்டு நாள் விட்டுட்டோம். அப்புறம் டாக்டர்கிட்ட போனா, அவர் கேட்ட முதல் கேள்வியே, "துணி சோப்பு எதாவது மாத்துனீங்களா?"

மாத்தல டாக்டர். ரெண்டு மடங்கு போட்டேன். அவ்வளவுதான்.

முதல்ல தண்ணியைப் பாருங்க

வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னேன். "பவுடரை ஏன்டா கொட்டுற? நம்ம போர் தண்ணி உப்புத் தண்ணி. அலசுறதுலதான்டா இருக்கு"ன்னாங்க.

அதுக்குப் பின்னாடி இருக்கிற கெமிஸ்ட்ரி சிம்பிள். உப்புத் தண்ணியில கால்சியம், மெக்னீசியம் அதிகம். சோப்பு அதுங்களோட சேர்ந்து கரையாத ஒரு பிசுக்கா மாறும். பக்கெட் ஓரத்துல வெள்ளையா படியுமே, அதேதான். பவுடருலயும் ஒரு பங்கு அந்த உப்போட மல்லுக்கட்டியே வீணாகும். நான் கூடுதலா கொட்டினது அலசுறப்ப முழுசா வெளியே போகலை. துணியிலயே தங்கி, அப்பாவோட தோல்ல வேலையைக் காட்டிடுச்சு.

உங்க வீட்டுத் தண்ணி எப்படின்னு கண்டுபிடிக்க ஒரு டெஸ்ட். ரெண்டு பாட்டில்ல பாதி தண்ணி எடுங்க. ஒண்ணுல போர் தண்ணி, இன்னொண்ணுல ஆர்.ஓ. தண்ணி. குளிக்கிற சோப்பைச் சுரண்டி ரெண்டுலயும் ஒரே அளவு போட்டுக் குலுக்குங்க. நல்ல தண்ணியில நுரை பொங்கி நிக்கும். உப்புத் தண்ணியில நுரை அடங்கி, தண்ணி பால் மாதிரி கலங்கும்.

கலங்குச்சுன்னா இதைச் செய்யுங்க:

1. பாக்கெட்டுல உப்புத் தண்ணிக்குன்னு தனி அளவு போட்டிருந்தா அந்த அளவுதான். அதுக்கு மேல வேண்டாம். பவுடரை ஒரு மக் தண்ணியில முதல்ல கரைச்சிட்டு ஊத்துங்க.

2. மெஷினை அமுக்கி நிரப்பாதீங்க. துணி மேல ஒரு கை அளவு இடம் இருக்கணும். இடம் இல்லைன்னா அலசல் நடக்காது.

3. எக்ஸ்ட்ரா ரின்ஸ் பட்டனைப் போடுங்க. வேட்டி, உள்ளாடை, குழந்தைத் துணிக்குக் கடைசியா அரை பக்கெட் நல்ல தண்ணியில ஒரு அலசு. மழைத் தண்ணி பிடிச்சு வச்சிருந்தா இன்னும் நல்லது.

4. ஏற்கனவே விறைச்சுப்போன வெள்ளைப் பருத்தித் துணிக்கு, ஒரு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணியில ஒரு ஸ்பூன் எலுமிச்சை உப்பு. மளிகைக் கடையில கிடைக்கும். அரை மணி நேரம் ஊறவச்சு நல்லா அலசுங்க. ஆனா இதை பிளீச்சோட மட்டும் எப்பவும் சேர்த்துடாதீங்க. விஷ வாயு வரும். விளையாட்டில்லை.

கறைக்குக் கறை வைத்தியம் வேற

பௌர்ணமிக்கு அப்பா தவறாம கிரிவலம் போவார். பதினாலு கிலோமீட்டர். திரும்பி வர்றப்போ வேட்டியில விபூதி, வியர்வை, கரை ஓரத்துல ரோட்டுப் புழுதி, வழியில சாப்பிட்ட சாம்பார் சாதம். ஒரு வேட்டி, நாலு பிரச்சினை.

விபூதி, குங்குமம்னா முதல்ல தண்ணி படக்கூடாது. காய்ஞ்ச நிலையிலேயே உதறுங்க. குங்குமத்துல சாயம் இருக்கும், மத்த துணியோட போடாதீங்க.

புழுதிக்கு, அந்த ஓரத்துல மட்டும் பார் சோப்பு தேய்ச்சு, மெதுவான பிரஷ்ஷால நாலு இழு. ஒரு ஓரத்துக்காக மொத்த வேட்டியையும் அடிச்சுத் துவைக்க வேண்டாம்.

எண்ணெய், நெய்க்கு பாத்திரம் கழுவுற லிக்விட். கார்த்திகை தீபத்தப்போ அகல் எண்ணெய் பட்டா, துணி காய்ஞ்சு இருக்கும்போதே ரெண்டு சொட்டு தடவி பத்து நிமிஷம் விடுங்க. அப்புறம்தான் தண்ணி.

ரத்தக் கறைக்கு எப்பவும் பச்சத் தண்ணி. சுடுதண்ணி பட்டா கறை இறுகிடும்.

இப்போ சாம்பார். அந்த மஞ்சள் கறையில நான் பார் சோப்பைத் தேய்ச்சேன். பளிச்சுன்னு சிவப்பாயிடுச்சு! வேட்டி போச்சுன்னு பயந்தே போயிட்டேன். ஸ்கூல்ல படிச்சோமே, மஞ்சள் ஒரு இண்டிகேட்டர், காரம் பட்டா சிவக்கும்னு. நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சும் அந்த நேரத்துல ஞாபகம் வரலை. அம்மா கட்டுப் போட்ட கையோட எட்டிப் பார்த்துட்டு, "நல்லா அலசிட்டு ஈரத்தோட வெயில்ல போடு"ன்னாங்க. சாயங்காலம் போய்ப் பார்த்தா கறை இருந்த இடமே தெரியலை. மஞ்சள்ல இருக்கிற குர்குமின் சூரிய வெளிச்சத்துல சிதைஞ்சிடும். வெள்ளைத் துணிக்கு இது அருமையான வழி. கலர் துணியை வெயில்ல போட்டா கலரும் சேர்ந்து போயிடும், அதை உள்பக்கம் திருப்பி நிழல்ல காயப்போடுங்க.

எங்க ஏரியாவுக்கு மட்டும் ஒரு டிப்: கிளிப் போடுங்க. காத்துக்காக இல்ல, குரங்குக்காக. என் ஆபீஸ் டீ-ஷர்ட் ஒண்ணு எதிர்வீட்டு மாடியில கொஞ்ச நாள் கிடந்துச்சு.

கடைசியா

அப்பாவோட அரிப்பு, துணிகளை மறுபடி அலசிக் கொடுத்த பிறகு, டாக்டர் கொடுத்த களிம்போட ஒரு வாரத்துல அடங்கிடுச்சு. அடுத்த பௌர்ணமிக்கு வேட்டியை மடிச்சு அம்மாகிட்ட நீட்டினேன். மோந்து பார்த்தாங்க, விரலால நீவிப் பார்த்தாங்க. "ம்... பரவாயில்லை"ன்னாங்க. என் அப்ரைசல்ல கூட அவ்வளவு டென்ஷன் ஆனதில்லை.

கட்டு பிரிச்சு மாசக்கணக்காச்சு. இன்னும் அந்தக் கை ஈரத் துணியைப் பிழிஞ்சா வலிக்குதுன்னு சொல்றாங்க. இத்தனை வருஷம் வலிக்கலையான்னு நான் ஒருதடவை கூட கேட்டதில்லை. இப்போ லோடு என்னுது. நான் பெங்களூர் போற வாரம் அப்பாவோடது, அவருக்கு எக்ஸ்ட்ரா ரின்ஸ் பட்டன் எங்க இருக்குன்னு காட்டிட்டேன்.

அந்த பாட்டில் டெஸ்ட்டைப் பண்ணிப் பார்த்துட்டு, உங்க ஊர் தண்ணி நுரைச்சுதா கலங்குச்சான்னு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அப்படியே உங்க வீட்டுல யார் துவைக்கிறாங்கன்னும் சொல்லுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.