டிவி ஆன் ஆகவில்லையா? முதலில் பிளக்கைப் பாருங்கள்



1914-ல் திறக்கப்பட்ட பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்களை நிறுத்தினார்கள். காரணம், தூக்குப் பாலத்தின் இரும்பை உப்புக் காற்று அரித்திருந்தது. 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்த பிறகுதான் ராமேஸ்வரத்துக்கு மறுபடியும் ரயில் வந்தது. அத்தனை கனமான இரும்பையே தின்ற காற்று நம் வீட்டு டிவியை மட்டும் விட்டுவைக்குமா? "நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா ஓடுச்சு, காலையில பாத்தா உயிரே இல்ல" என்ற பேச்சு நம் கடலோர ஊர்களான மண்டபத்திலும் தங்கச்சிமடத்திலும் கீழக்கரையிலும் புதிதல்ல.

உடனே, போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். கோளாறு டிவிக்கு வெளியேகூட இருக்கலாம்.

கடல் உப்பில் நாம் சமையலுக்குப் போடும் உப்போடு மக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து நீர்த்துப்போகும் குணம் அதற்கு அதிகம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் இந்த உப்பு ஜன்னல் வழியாக வந்து பிளக் பாயின்ட், சுவிட்ச், டிவியின் பின்பக்க ஓட்டைகள் என்று எல்லா இடத்திலும் படிகிறது. இரவில் ஈரம் ஏறியதும் கசிகிறது. பித்தளையில் பச்சைக் களிம்பு பிடிக்கிறது. களிம்பு பிடித்த இடத்தில் கரண்ட் சரியாகப் பாயாது. அந்த இடம் சூடாகும், நாளடைவில் கருகும்.

ஆகவே சுவரிலிருந்து தொடங்குங்கள். டிவி மாட்டியிருக்கும் அதே பாயின்டில் செல்போன் சார்ஜரைச் செருகிப் பாருங்கள். சார்ஜ் ஏறவில்லை என்றால் டிவியின் மேல் குற்றமில்லை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். சார்ஜ் ஏறினால், சுவிட்சை அணைத்து டிவி பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். பிளக்கின் பின்கள் பளபளப்பாக இருக்க வேண்டும். பச்சை பூத்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். பிளாஸ்டிக் உருகியோ கருகியோ இருந்தால் பிளக், பாயின்ட் இரண்டையும் மாற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும். நடுவில் எக்ஸ்டென்ஷன் பெட்டியோ ஸ்டெபிலைசரோ இருந்தால் அதை விலக்கி, சுவர் பாயின்டில் நேராக மாட்டிப் பாருங்கள்.

அடுத்தது, டிவியின் முகப்பில் இருக்கும் சிவப்பு லைட். அது எரிகிறது, ஆனால் ரிமோட்டுக்கு டிவி அசையவில்லை என்றால், டிவியிலேயே இருக்கும் பட்டனை அழுத்துங்கள். பட்டனுக்கு ஆன் ஆகிறதா? அப்படியென்றால் கோளாறு ரிமோட்டில் இருக்கலாம். பேட்டரி மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கில் துருவோ வெள்ளைப் பொடியோ தெரியலாம். ரிமோட்டின் முனையைச் செல்போனின் செல்ஃபி கேமராவுக்கு நேரே காட்டி அழுத்துங்கள். செல்போன் திரையில் சின்னதாக ஒரு ஒளி மினுக்கினால் ரிமோட் வேலை செய்கிறது என்று பொருள்.

லைட் எரிந்தும் டிவி வரவில்லையா? பிளக்கைக் கழற்றிவிட்டு டிவியின் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். சத்தம் வந்து படம் வராவிட்டால், அறையை இருட்டாக்கி, டார்ச்சைத் திரைக்கு அருகில் பிடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னுள்ள விளக்குதான் போயிருக்கிறது. லைட் விட்டு விட்டு மினுக்கினால் எத்தனை முறை என்று எண்ணி மெக்கானிக்கிடம் சொல்லுங்கள். கோளாறு எங்கே என்பதற்குப் பல டிவிகளில் அதுவே குறிப்பு.

இதற்கு மேல் நாம் போகக்கூடாது. பின்மூடியைக் கழற்றவே கழற்றாதீர்கள். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் டிவிக்குள் போய் சுமார் 325 வோல்ட் டி.சி. மின்சாரமாகக் கெப்பாசிட்டரில் தேங்குகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே இருக்கும். 2006-ல் தொடங்கிய அரசு இலவசத் திட்டத்தில் வந்த பழைய டியூப் டிவி வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருங்கள். அதில் தேங்குவது பல்லாயிரம் வோல்ட். ஃபியூஸ் போன இடத்தில் கம்பியைச் சுற்றுவதும் தீயை வீட்டுக்குள் அழைப்பதுதான்.

வாடைக் காலத்தில் புயல் சின்னம் எங்கே நிற்கிறது என்று வீடே டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் டிவி கைவிடாமல் இருக்க, முன்கூட்டியே பாருங்கள். கடலைப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே டிவியை வைக்காதீர்கள். ஈரத்துணியால் துடைக்காதீர்கள். வெளியூரில் இருப்பவர்கள், பூட்டிய வீட்டின் சாவியை உறவினரிடம் கொடுத்து, வாரம் ஒருமுறையாவது கொஞ்ச நேரம் டிவியை ஓட்டச் சொல்லுங்கள். அந்தச் சூட்டில் உள்ளே ஈரம் காயும். இடி மின்னலுக்கு முன்பே பிளக்கையும் கேபிள் வயரையும் கழற்றிவிடுங்கள். மழைநீர் பட்ட டிவியை மெக்கானிக் பார்க்கும் வரை ஆன் செய்யாதீர்கள்.

தெரு முழுக்க விளக்குகள் மங்கி எரிந்தால் கோளாறு உங்கள் வீட்டில் இல்லை. மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-க்குப் புகார் சொல்லுங்கள்.

புது டிவிக்குக் கடன் வாங்குவதற்கு முன்னால், பிளக்கைக் கழற்றி ஒருமுறை வெளிச்சத்தில் பாருங்கள்.